லியோ என்ற பூனையும் கரண்ட் பில்லும்

மாதிரி ஜாவா செயலியைக் கன்டெய்னரில் ஓடவிட்டுப் பார்ப்பதோடு நம் பிள்ளைகள் பலர் நின்றுவிடுகிறார்கள். அதற்கு அடுத்த படியில்தான் வேலையும் இருக்கிறது, விஷயமும் இருக்கிறது. ஓர் அட்டைப்படக் கட்டுரை.

அந்தியூரிலிருந்து பர்கூர் மலை ஏறும் சாலை, கர்கேகண்டியில் மாநில எல்லையைத் தாண்டுகிறது. காட்டைவிட்டு இறங்கினால் ராமாபுரம். பலகைகளில் கன்னடம், பேச்சில் கன்னடமும் தமிழும். 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தின் கொள்ளேகால் தாலுகாவைச் சேர்ந்த பகுதி இது. மாநிலங்களைப் பிரித்தபோது மைசூர் மாவட்டத்துக்குப் போனது; 1997-ல் சாமராஜநகர் தனி மாவட்டமானதும் அதோடு சேர்ந்தது. இருந்தாலும் படிப்பு, வேலை, பெரிய ஆஸ்பத்திரி என்றால் இந்தப் பக்கத்து மக்களின் கண் இன்றும் மைசூரு பக்கம்தான் போகிறது.

இப்படி ஓர் ஊரிலிருந்து பொறியியல் படிக்கப் போன ஒரு பெண் விடுமுறைக்கு வீடு வந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். செல்போன் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைக்கிறாள். கறுப்புத் திரையில் ஒரு வரி அடிக்கிறாள்: டாக்கர் கம்போஸ் அப். திரையில் கோடுகள் நீள்கின்றன. ஒவ்வொரு கோடும் ஒரு கோப்பு இறங்குவதைக் காட்டுகிறது. சிக்னல் போகிறது, வருகிறது. கடைசியில் எழுத்துகளைக் கோத்தே வரைந்த ‘ஸ்பிரிங்’ என்ற பெரிய முத்திரை விழுகிறது. சரசரவென்று சில டஜன் வரிகள். பிரவுசரில் 8080 என்ற வாசலைத் தட்டினால் ஒரு கால்நடை மருத்துவமனையின் இணையதளம் திறக்கிறது. உரிமையாளர் பட்டியலில் முதல் பெயர் ஜார்ஜ் பிராங்க்ளின். அவருடைய பூனையின் பெயர் லியோ.

பெட்கிளினிக் என்ற இந்த மாதிரிச் செயலியை உலகெங்கும் ஜாவா கற்பவர்கள் அறிவார்கள். அந்த மருத்துவமனை எந்த ஊரிலும் இல்லை. பிராங்க்ளின் என்று ஒருவர் கிடையாது. ஸ்பிரிங் என்ற ஜாவா கட்டமைப்பைக் கற்றுக்கொடுப்பதற்காகவே எழுதி, இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள். கன்டெய்னர் பழகுபவர்களுக்காக டாக்கர் நிறுவனம் எழுதியுள்ள ஜாவா வழிகாட்டியும் இந்தப் பெட்கிளினிக்கையே எடுத்துக்கொள்கிறது.

லியோவைப் பார்த்ததும் அந்தப் பெண்ணுக்கு ஒரு சந்தோஷம் வரும். தன் கணினியில் ஜாவாவே இல்லை, டேட்டாபேஸ் இல்லை, டாக்கரைத் தவிர எதையும் நிறுவவில்லை. ஆனால் ஒரு முழுச் செயலி ஓடுகிறது! நியாயமான சந்தோஷம். ஆனால் பெரும்பாலோர் இந்த இடத்தில் படம் பிடித்து, ‘டாக்கர் தெரியும்’ என்று பயோடேட்டாவில் ஒரு வரி சேர்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே அந்த வரி ஆட்டம் காண்கிறது.

‘என் மெஷின்ல ஓடுதே சார்!’

கல்லூரி ப்ராஜெக்ட் ரிவ்யூவில் இந்த வாக்கியத்தைச் சொல்லாத மாணவர் அபூர்வம். வீட்டில் ஓடியது, லேபில் ஓடவில்லை. வீட்டில் ஜாவா 17. லேபில் ஜாவா 8. வீட்டில் மைஎஸ்கியூஎல் கடவுச்சொல் ஒன்று, இங்கே வேறு. 1995-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஜாவாவைக் கொண்டுவந்தபோது, ஒருமுறை எழுதினால் எங்கும் ஓடும் என்பதையே அதன் பெருமையாகச் சொன்னார்கள். நிரலைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மை. ஆனால் நிரலைச் சுற்றி இருப்பவை, அதாவது ஜாவாவின் பதிப்பு, நூலகங்கள், அமைப்புக் கோப்புகள், டேட்டாபேஸ் எல்லாம் ஊருக்கு ஊர், மெஷினுக்கு மெஷின் மாறுகின்றன.

கன்டெய்னர் அந்தச் சுற்றுப்புறத்தையும் நிரலோடு சேர்த்துக் கட்டிவிடுகிறது. இப்படிக் கட்டவும் ஓட்டவும் உதவும் கருவிதான் டாக்கர். கட்டி உறைய வைத்த மூட்டை இமேஜ். அந்த மூட்டை உயிர்பெற்று ஓடும்போது அது கன்டெய்னர். ஒரு கணினிக்குள் இன்னொரு முழுக் கணினியைப் பாவனை செய்யும் விர்ச்சுவல் மெஷினைப் போல இது கனமானதல்ல. அடியில் இருக்கும் லினக்ஸ் கெர்னல் ஒன்றுதான். அதன் மேல் ஓடும் புரோகிராம்களுக்கு மட்டும் தனித்தனித் தடுப்பு.

■ பெட்டிச் செய்தி: கன்டெய்னர் வந்த வழி

1979: யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில் ‘சிஎச்ரூட்’ வருகிறது. ஒரு புரோகிராமுக்குக் கோப்புகளின் ஒரு பகுதியை மட்டும் காட்டி, மற்றதை மறைக்கும் வசதி.

2008: கூகுள் பொறியாளர்கள் தொடங்கிய ‘சிகுரூப்’ லினக்ஸ் கெர்னலில் சேர்கிறது. ஒரு புரோகிராம் எவ்வளவு நினைவகம், எவ்வளவு சிபியு எடுக்கலாம் என்பதற்கு வரம்பு போட முடிகிறது.

2013 மார்ச்: கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாராவில் பைத்தான் மொழிக்காரர்களின் மாநாடு. சாலமன் ஹைக்ஸ் ஐந்து நிமிடப் பேச்சில் டாக்கரை முதன்முறையாகப் பொதுவில் காட்டுகிறார்.

2014 ஜூன்: ஆயிரக்கணக்கான கன்டெய்னர்களை மேய்க்கும் குபர்னெட்டிஸை கூகுள் திறந்த மூலமாக வெளியிடுகிறது.

மைசூரு வளாகமும் அந்தப் பிப்ரவரியும்

இந்தியாவில் ஜாவா கற்பது என்ற பேச்சில் மைசூருவைத் தவிர்க்க முடியாது. இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் பயிற்சி வளாகம் அங்கே 337 ஏக்கரில் பரந்து கிடக்கிறது. ஒரே சமயத்தில் 10,000 பேருக்கு மேல் தங்கிப் படிக்கலாம். இரண்டாம் கட்டக் கட்டடத்தை 2009-ல் சோனியா காந்தி திறந்து வைத்தார். தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளிலிருந்து போனவர்களில் எத்தனையோ பேருக்கு முதல் சம்பளம், முதல் ஹாஸ்டல் தோழர்கள், முதல் தேர்வுப் பயம் எல்லாம் அந்த வளாகத்தில்தான்.

2025 பிப்ரவரியில் அந்தப் பயம் நாடெங்கும் செய்தியானது. உள்மதிப்பீட்டில் தேறவில்லை என்று 300-க்கும் மேற்பட்ட பயிற்சி ஊழியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று வாய்ப்புகள் தந்ததாக நிறுவனம் சொன்னது. எண்ணிக்கை அதைவிட மிக அதிகம் என்றது நைட்ஸ் என்ற ஐடி ஊழியர் அமைப்பு. மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்திடமும் புகார் கொடுத்தது. வெளியேறியவர்களில் 2022-ல் வேலை உறுதிக் கடிதம் பெற்று, இரண்டு ஆண்டுக்கு மேல் காத்திருந்து, 2024 கடைசியில் சேர்ந்தவர்கள் உண்டு.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு வருடம் காக்க வைக்கப்பட்ட பிள்ளைக்கு அந்தக் காலத்தில் எதைச் செய்து பழகலாம் என்று வழிகாட்ட யாரும் இல்லை என்பதே என் வருத்தம். நம் கல்லூரிகளில் ஜாவா எப்படிப் போகிறது? ரெக்கார்டு நோட்டில் நிரல், வைவாவுக்கு வரையறை, தேர்வுக்குப் பத்து புரோகிராம். எழுதிய நிரல் லேபின் நான்கு சுவரைத் தாண்டி வேறொரு கணினியில், வேறொரு பயனருக்கு ஓடிப் பார்த்த அனுபவமே பலருக்குக் கிடையாது. தவறுச் செய்தி வந்தால் ஆசிரியரையோ பக்கத்து பெஞ்சையோ பார்ப்பது பழகிவிடுகிறது. வேலைக்குப் போன முதல் மாதம் மொத்தமும் தவறுச் செய்திகளோடுதான் கழியும் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை.

பாடத்திட்டத்தில் இருக்கிறது

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் கிளவுட் கம்ப்யூட்டிங் என்ற விருப்பப் பாடத்தில் டாக்கர் இருக்கிறது. முதல் கன்டெய்னரை உருவாக்கி ஓட்டுவது செய்முறைப் பயிற்சியாகவே இருக்கிறது. பாடத்திட்டம் எழுதியவர்கள் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். தடுக்குவது வேறு இடத்தில்.

லேபில் அறுபது மாணவர்கள் ஒரே நேரத்தில் உட்கார்ந்து, இமேஜ்களின் பொதுக் கிடங்கான டாக்கர் ஹப்பிலிருந்து இமேஜ் இறக்குகிறார்கள். 2020 நவம்பரிலிருந்து, கணக்கு இல்லாமல் இறக்குபவர்களுக்கு ஆறு மணி நேரத்துக்கு 100 என்று டாக்கர் நிறுவனம் வரம்பு வைத்தது. வரம்பு ஆளுக்கு அல்ல, இணைய முகவரிக்கு. கல்லூரி முழுவதும் ஒரே முகவரி வழியாக வெளியே போகிறது என்றால் ஆளுக்கு இரண்டு இமேஜ் இறக்குவதற்குள் வரம்பு தீர்ந்துவிடும். ‘டூ மெனி ரிக்வெஸ்ட்ஸ்’ என்று சிவப்பு வரி. லேப் நேரம் முடிந்தது. மாணவர்கள் என்ன நினைத்துக்கொண்டு போவார்கள்? ‘டாக்கர் ஒர்க் ஆகல.’

இதற்கு வழி இருக்கிறது, செலவும் இல்லை. ஆசிரியர் தன் கணினியில் ஒருமுறை இறக்கி, ‘டாக்கர் சேவ்’ கட்டளையால் ஒரே கோப்பாக்கி, லேபின் உள்வலையிலோ பென்டிரைவிலோ கொடுத்தால் போதும். மாணவர்கள் ‘டாக்கர் லோடு’ போட்டு ஏற்றிக்கொள்ளலாம். இன்னும் நன்றாகச் செய்ய வேண்டுமா? லேபில் ஒரு கணினியில் ‘ரெஜிஸ்ட்ரி’ இமேஜை இடைக்கிடங்காக ஓடவிடலாம். முதல் மாணவர் கேட்டதை அது சேமித்துக்கொண்டு மற்றவர்களுக்குத் தானே வழங்கும். தமிழ்நாட்டின் ‘நான் முதல்வன்’ திட்டம் 2022 மார்ச்சிலிருந்து கல்லூரிகளுக்குள் திறன் பயிற்சியைக் கொண்டுபோகிறது. அந்தப் பயிற்சிகளிலும் இந்தச் சின்ன ஏற்பாடு இருந்தால் எத்தனை லேப் மணி மிச்சமாகும்!

கரண்ட் பில்லைக் கட்டிப் பார்ப்போம்

பெட்கிளினிக்கை ஓட்டியவர் அடுத்து என்ன செய்ய வேண்டும்? தான் எழுதிய ஒன்றைக் கட்ட வேண்டும். இதற்குப் புதிதாக எதையும் தேட வேண்டாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 பாடத்திட்டத்தில் ஜாவா லேபின் முதல் பயிற்சியே மின் கட்டணம் கணக்கிடும் நிரல். வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் ஒரு ரூபாய் வீதம், அடுத்த 100 இரண்டரை ரூபாய், 500 வரை நான்கு, அதற்கு மேல் ஆறு. அந்தத் தலைமுறையில் கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்த எல்லாருடைய ரெக்கார்டு நோட்டிலும் இது இருக்கும்.

அதை எடுத்து ஒரு டாக்கர்ஃபைல் எழுதுங்கள். எந்த அடிப்படை இமேஜ், எந்தக் கோப்புகளை உள்ளே வைக்க வேண்டும், எந்தக் கட்டளையில் தொடங்க வேண்டும்: இந்த மூன்றையும் சொன்னால் போதும். கட்டுங்கள், ஓட்டுங்கள். உடனே நின்றுவிடும். ‘நோ சச் எலமென்ட்’ என்ற எக்ஸப்ஷன். நிரலில் தவறு இல்லை. நிரல் ஸ்கேனர் வைத்து யூனிட் எவ்வளவு என்று கேட்கிறது. கன்டெய்னருக்குக் கீபோர்டு இணைக்கப்படவில்லை, அதனால் பதில் சொல்ல ஆள் இல்லை. ஓட்டும் கட்டளையில் ‘ஐடி’ என்ற இரண்டு எழுத்தைச் சேர்த்தால் கீபோர்டு இணைகிறது, கேள்வி திரையில் வருகிறது. ஒரு நிரலுக்கும் அதற்கு வெளியே உள்ள உலகத்துக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதை இந்த ஒரு தவறு சொல்லித்தருவதுபோல எந்தப் பாடநூலும் சொல்லித்தராது.

அடுத்தது கட்டணம். தமிழ்நாட்டில் 2022, 2023, 2024, 2025 என்று வரிசையாக மின் கட்டணம் திருத்தப்பட்டது. ஒவ்வொரு முறையும் நிரலைத் திறந்து எண்ணை மாற்றி மீண்டும் இமேஜ் கட்டுவதா? வீதத்தை நிரலிலிருந்து வெளியே எடுத்து, ஓட்டும்போது ‘என்விரான்மென்ட் வேரியபிள்’ ஆகக் கொடுங்கள். இமேஜ் ஒன்றே, வீதம் மட்டும் மாறுகிறது. பெரிய நிறுவனங்களில் சோதனைக்கு ஒரு டேட்டாபேஸ், நிஜப் பயன்பாட்டுக்கு வேறு என்று பிரிப்பது இதே வழியில்தான்.

பிறகு ஸ்பிரிங்கின் மேல் கட்டிய ஸ்பிரிங் பூட் வைத்து அதையே ஒரு வலைப்பக்கமாக்குங்கள். இந்தக் கட்டத்தில் நூலகங்கள் உள்ளே வரும், இமேஜ் பெருக்கும், ஹாட்ஸ்பாட் டேட்டா கரையும். இமேஜின் அமைப்பை அடுக்குக் கேரியராக நினைத்துக்கொள்ளலாம். அடித்தட்டில் லினக்ஸின் அடிப்படைக் கோப்புகள், அதன் மேல் ஜாவா, அதன் மேல் பிறர் எழுதிய நூலகங்கள், உச்சியில் உங்கள் நிரல். ஒரு தட்டு மாறினால் அதையும் அதற்கு மேலுள்ள தட்டுகளையும் மட்டும் டாக்கர் மறுபடி கட்டும். கீழே உள்ளவை ஏற்கெனவே சேமிப்பில் இருக்கும். முதல்முறை எழுதுபவர்கள் எல்லாக் கோப்பையும் ஒரே வரியில் உள்ளே தள்ளிவிட்டு அதற்குப் பிறகு நூலகங்களை இறக்குவார்கள். விளைவு, நிரலில் ஒரு எழுத்து மாறினாலும் எல்லா நூலகமும் மறுபடி இறங்கும். மேவன் என்ற கட்டும் கருவியைப் பயன்படுத்துபவர்கள் நூலகப் பட்டியல் இருக்கும் ‘பாம்’ கோப்பை முதலில் தனியாக வைத்து, நூலகங்களை இறக்கச் சொல்லிவிட்டு, பிறகு நிரலை வைக்க வேண்டும். இரண்டு வரிகளின் வரிசை மாறினால் போதும், மாதக் கடைசியில் டேட்டா பேக் மிஞ்சும். நல்ல இணைய வசதி உள்ள ஊரில் கற்பவருக்கு இது ஒரு சிக்கனக் குறிப்பு. மலையடிவார ஊரில் கற்பவருக்கோ, கற்பதா விடுவதா என்பதையே இது தீர்மானிக்கும்.

நிரலைத் தொகுக்க முழு ஜேடிகே தேவை. தொகுத்ததை ஓட்ட ஜேஆர்இ போதும். 2017-லிருந்து ஒரே டாக்கர்ஃபைலில் இரண்டு கட்டமாக எழுத முடிகிறது: முதல் கட்டத்தில் தொகுத்து, விளைந்த ஜார் கோப்பை மட்டும் இரண்டாவது, சிறிய இமேஜுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக டேட்டாபேஸ். பெட்கிளினிக் தானாக ஓடும்போது எச்2 என்ற நினைவக டேட்டாபேஸைப் பயன்படுத்துகிறது. நீங்கள் புதிதாக ஒரு நாயைச் சேர்த்துவிட்டுக் கன்டெய்னரை நிறுத்தி மறுபடி தொடங்கினால் லியோ திரும்ப வருவான், உங்கள் நாய் வராது. தகவல் நிலைக்க வேண்டுமானால் மைஎஸ்கியூஎல் அல்லது போஸ்ட்கிரெஸ் இன்னொரு கன்டெய்னரில் ஓட வேண்டும், அதற்கு ‘வால்யூம்’ என்ற நிலைச் சேமிப்பும் வேண்டும். இரண்டு கன்டெய்னர் என்றதும் எல்லாரும் விழும் பள்ளம் ஒன்று உண்டு. நிரலில் டேட்டாபேஸ் முகவரியாக ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று எழுதியிருப்பார்கள். கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னர்தான். அதற்குள் டேட்டாபேஸ் இல்லை. ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்று வரும். எந்தெந்தக் கன்டெய்னர்கள் சேர்ந்து ஓட வேண்டும் என்று எழுதும் கம்போஸ் கோப்பில் டேட்டாபேஸுக்கு என்ன பெயர் வைத்தோமோ அந்தப் பெயரை எழுதினால் இணையும்.

137

கன்டெய்னர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று இல்லை. ஜாவா எக்ஸப்ஷன் எதுவும் பதிவாகவில்லை. நின்ற கன்டெய்னர்களின் பட்டியலைப் பார்த்தால் வெளியேறிய குறியீடு 137 என்று இருக்கிறது.

இந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தவரையும் தெரியாதவரையும் நேர்காணலில் எளிதாகப் பிரித்துவிடலாம். 128-ஐக் கழித்தால் 9. லினக்ஸில் 9 என்பது ஒரு புரோகிராமைக் கேள்வியின்றிக் கொல்லும் சிக்னல். பெரும்பாலும், நினைவக வரம்பைத் தாண்டிய கன்டெய்னரைக் கெர்னலே கொன்றிருக்கும். ஜாவாவுக்குக் கடைசி வார்த்தை சொல்லக்கூட நேரம் கிடைப்பதில்லை.

இதில் ஜாவாவுக்கென்று ஒரு பழைய கதை உண்டு. ஜாவா மெஷின் தொடங்கும்போது கணினியில் எவ்வளவு நினைவகம் இருக்கிறது என்று பார்த்து, அதில் கால்வாசியை, நிரலின் தரவை வைக்கும் தன் ‘ஹீப்’புக்கு உச்சவரம்பாக வைத்துக்கொள்ளும். பழைய பதிப்புகளுக்குக் கன்டெய்னர் என்ற ஒன்றே தெரியாது. 64 ஜிபி சர்வரில் 512 எம்பி வரம்பு போட்ட கன்டெய்னருக்குள் உட்கார்ந்துகொண்டு, தனக்கு 16 ஜிபி ஹீப் உண்டு என்று அது கணக்குப் போடும். சுமை ஏறும், வரம்பு தாண்டும், 137. 2018 மார்ச்சில் வந்த ஜாவா 10 கன்டெய்னரின் வரம்பைத் தானாகப் பார்க்கக் கற்றது. அதே ஆண்டு அக்டோபரில் ஜாவா 8-இன் 191-ஆம் அப்டேட்டுக்கும் அந்த அறிவு வந்தது.

கதை அங்கே முடியவில்லை. லினக்ஸ் தன் சிகுரூப்பின் இரண்டாம் பதிப்புக்கு மாறியது; உபுண்டு 22.04 அதையே இயல்பாகக் கொண்டு வருகிறது. பழைய ஜாவாவுக்கு இந்தப் புதிய பதிப்பைப் படிக்கத் தெரியாது. ஜாவா 8 என்றால் 372-ஆம் அப்டேட், ஜாவா 11 என்றால் 11.0.16, இவற்றுக்கு முந்தியவை புதிய சர்வரில் மறுபடி பழைய தவறையே செய்யும். வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் ஜாவா 8 இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, சர்வர்களோ புதுப்பிக்கப்படுகின்றன. இந்த இடைவெளியில் நள்ளிரவில் எழுப்பப்படுபவர், அண்மையில் வேலைக்குச் சேர்ந்த உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம்.

இதை வீட்டில் செய்து பார்க்கலாம். பெட்கிளினிக் கன்டெய்னருக்கு நினைவக வரம்பு 512 எம்பி என்று கொடுங்கள். ஹீப் எவ்வளவு என்று ஜாவாவிடம் கேளுங்கள். கிட்டத்தட்ட 128 எம்பி என்று சொல்லும். ‘மேக்ஸ் ரேம் பெர்சென்டேஜ்’ என்ற விருப்பத்தைக் கூட்டிப் பாருங்கள். 95 வரை ஏற்றினால் என்ன ஆகிறது? ஹீப்புக்கு வெளியிலும் ஜாவாவுக்கு நினைவகம் வேண்டும் என்பது அப்போது புரியும்.

■ பெட்டிச் செய்தி: 8 ஜிபி லேப்டாப் போதுமா?

போதும், கொஞ்சம் கவனம் வேண்டும். விண்டோஸில் டாக்கர் டெஸ்க்டாப், டபிள்யூஎஸ்எல் 2 என்ற லினக்ஸ் அடுக்கின் மேல் ஓடுகிறது. இயல்பாக அது கணினியின் நினைவகத்தில் பாதி வரை எடுத்துக்கொள்ளும். ‘டபிள்யூஎஸ்எல் கான்ஃபிக்’ கோப்பில் 3 ஜிபி என்று வரம்பு எழுதினால் மற்ற வேலைகள் திணறாது.

லேப்டாப் மிகப் பழையதா? கிட்ஹப் கோட்ஸ்பேசஸில் தனிநபர் கணக்குக்கு மாதம் 120 கோர்-மணி இலவசம். இரண்டு கோர் மெஷினில் 60 மணி நேரம். பிரவுசர் இருந்தால் போதும். இமேஜ்கள் அங்குள்ள சர்வருக்கு இறங்குவதால் உங்கள் டேட்டா பேக்கும் பிழைக்கும். லினக்ஸ் பழக விருப்பமுள்ளவர்களுக்கு பாட்மேன் என்ற திறந்த மூலக் கருவியும் இருக்கிறது. டாக்கர் கட்டளைகளில் பெரும்பாலானவை அதில் அப்படியே செல்லும்.

பழைய பாடம், பழைய இமேஜ்

இணையத்தில் கிடைக்கும் பயிற்சிக் குறிப்புகளில் பல, அடிப்படை இமேஜாக ‘ஓபன்ஜேடிகே’ என்றே தொடங்குகின்றன. டாக்கர் ஹப்பில் அந்த இமேஜ் 2022-லேயே கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்டது.  ஜாவா 8, 11, 17 போன்ற வெளியான பதிப்புகளுக்கு அங்கே பாதுகாப்புத் திருத்தம் வராது. எக்லிப்ஸ் டெமுரின் போன்ற, தொடர்ந்து பராமரிக்கப்படும் இமேஜை எடுப்பதே சரி.

இது ஏதோ நுணுக்க விஷயம் என்று தள்ளிவிட முடியாது. 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே என்ற ஜாவா நூலகத்தில் ஓர் ஓட்டை வெளியானது. பதிவேட்டில் ஒரு வரி எழுத வைத்தாலே வெளியாள் சர்வருக்குள் தன் நிரலை ஓட்டலாம். அபாய மதிப்பெண் 10-க்கு 10. நிரலைத் திருத்தியவர்கள் நிம்மதியடைந்தார்கள்; ஆனால் கட்டி உறைய வைத்த பழைய இமேஜ்களுக்குள் பழைய நூலகம் அப்படியே இருந்தது. கன்டெய்னரின் பலமே, உள்ளே இருப்பது மாறாது என்பதுதான். பலவீனமும் அதே இடத்தில்தான். கட்டியதை மறக்காமல் அவ்வப்போது புதிதாகக் கட்டுவது கற்பவர் முதல் நாளிலேயே பிடிக்க வேண்டிய பழக்கம். கன்டெய்னருக்குள் புரோகிராம் இயல்பாக ‘ரூட்’ அதிகாரத்தோடு ஓடுகிறது. டாக்கர்ஃபைலில் சாதாரணப் பயனர் ஒருவரை உருவாக்கி அவர் பெயரில் ஓட்டுவதும் அப்படி ஒரு பழக்கம்.

புதிதாக வேலைக்குச் சேருபவர்களுக்கு இன்னொன்று. டாக்கர் டெஸ்க்டாப் மாணவர்களுக்கும் தனிநபருக்கும் இலவசம். 250 ஊழியர்களுக்கு மேல் உள்ள நிறுவனத்திலோ, ஆண்டு வருவாய் ஒரு கோடி டாலரைத் தாண்டும் நிறுவனத்திலோ கட்டணச் சந்தா வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் விதி மாறியது. வீட்டுப் பழக்கத்தில் அலுவலக லேப்டாப்பில் அதை இறக்கிவிட்டு விளக்கம் சொல்ல நேர்வதைவிட, முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

பெங்களூருவின் மாரத்தஹள்ளியிலும் சென்னையின் வேளச்சேரியிலும் டெவ்ஆப்ஸ் வகுப்புகளின் விளம்பரப் பலகைகள் தெருவுக்குத் தெரு நிற்கின்றன. நல்ல ஆசிரியர் கிடைத்தால் வகுப்பு பயன்படும், மறுக்கவில்லை. ஆனால் மேலே சொன்ன எதற்கும் காசு தேவைப்படவில்லை என்பதைப் பணம் கட்டப்போகும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும்.

பூனைக்கு அடுத்து என்ன?

கற்றுக்கொள்ள எழுதப்பட்ட செயலி ஓர் அளவுக்குத்தான் சொல்லித்தரும். அதற்கு அடுத்து, மக்கள் பயன்படுத்தும் நிஜ ஜாவா செயலியின் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். அதற்கான வாய்ப்பு கர்நாடகத்திலேயே பிறந்து, யாரும் பார்க்கலாம் என்று திறந்து கிடக்கிறது. நம் கல்லூரிகளில் அதைப் பற்றிப் பேச்சே இல்லாதது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மோசிப் என்பது ஒரு நாடு தன் குடிமக்களுக்கு டிஜிட்டல் அடையாளம் வழங்கத் தேவையான மென்பொருள். 2018-ல் பெங்களூருவின் ஐஐஐடி-யில் தொடங்கியது. முழுக்கத் திறந்த மூலம். பெரும்பகுதி ஜாவாவில், ஸ்பிரிங் பூட்டில் எழுதப்பட்டது. சிறுசிறு சேவைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கன்டெய்னரில் கட்டி, குபர்னெட்டிஸில் ஓட்டுகிறார்கள். பெட்கிளினிக்கில் நீங்கள் பார்த்த அதே கருவிகள்தான்; இங்கே வரிசையில் நிற்பது பூனைகளுக்குப் பதில் மனிதர்கள். பிலிப்பைன்ஸின் தேசிய அடையாளத் திட்டம் இதன் மேல் நிற்கிறது. அங்கே எட்டுக் கோடிக்கும் அதிகமானோர் பதிவு செய்திருக்கிறார்கள். மொராக்கோவும் எத்தியோப்பியாவும் எடுத்துக்கொண்டன. நகராட்சிச் சேவைகளுக்காக பெங்களூருவின் இ-கவ் அறக்கட்டளை உருவாக்கிய டிஜிட் தளமும் இதே பாணி: ஜாவா, ஸ்பிரிங் பூட், கன்டெய்னர். பஞ்சாபின் எம்சேவா அதில் ஓடுகிறது.

மோசிப் முழுவதும் ஒரு லேப்டாப்பில் அடங்காது. அதற்குக் கணினிகளின் கூட்டமே வேண்டும். ஆனால் ஒரு சேவையின் களஞ்சியத்தை இறக்கி, அதன் டாக்கர்ஃபைலைத் திறந்து படிக்க ஒரு சாயங்காலம் போதும். எந்த அடிப்படை இமேஜ், எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறது, எதையெல்லாம் வெளியிலிருந்து வாங்கிக்கொள்கிறது? கரண்ட் பில்லைக் கட்டிப் பழகியவருக்கு அந்தக் கோப்பின் பல வரிகள் தெரிந்த முகங்களாக இருக்கும்.

தமிழ் படித்தவருக்கு அதில் இன்னும் ஒரு வாசல் இருக்கிறது. இலங்கை தன் டிஜிட்டல் அடையாளத் திட்டத்துக்காக இந்தியாவோடு 2022 மார்ச்சில் ஒப்பந்தம் செய்தது. இந்தியா 2023 ஆகஸ்டில் முன்பணமாக 45 கோடி ரூபாய் கொடுத்தது. அடித்தளமாகத் தேர்ந்துகொள்ளப்பட்டது மோசிப். இலங்கையில் தமிழ் ஆட்சிமொழி. மோசிப்பின் முன்பதிவுப் பக்கம் ஆங்கிலம், பிரெஞ்சு, அரபு, இந்தி, கன்னடத்தோடு தமிழையும் தாங்குகிறது. அதன் தமிழ்ச் சொற்கள் தனியே ஒரு ஜேசான் கோப்பில் இருக்கின்றன. பெயர், பிறந்த தேதி, முகவரி, சந்திப்பு நேரத்தைத் தேர்ந்தெடுக்கவும் என்று, பதிவு செய்ய வருகிற சாதாரண மனிதர் படிக்கப்போகும் வாசகங்கள் அவை. அந்தக் கோப்பைத் திறந்து வரி வரியாகப் படியுங்கள். ஒரு மூதாட்டிக்குப் புரியாது என்று தோன்றும் வாசகம் கண்ணில் பட்டால், அதற்கு மாற்றாக நல்ல தமிழ் வரி ஒன்றை எழுதி, காரணத்தையும் சொல்லி, களஞ்சியத்துக்குத் திருத்தமாக அனுப்புங்கள். அதற்கு ஜாவாகூடத் தேவையில்லை. அதை இமேஜாகக் கட்டி, ஓட்டி, திரையில் சரியாக வருகிறதா என்று பார்க்கத்தான் இவ்வளவு நேரம் பழகியதெல்லாம் தேவைப்படும்.